செலவை யார் ஏற்பது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: மதுரையில் நான்கு வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். வயது 27. அரசு சட்டக் கல்லூரியில் படித்தேன். சீனியரிடம் சிவில் வழக்குகள், மோட்டார் விபத்து இழப்பீடு, நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்த வழக்குகள் பார்க்கிறேன். ஹேக் நகரில் உள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றத்தில் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வருட ஃபெல்லோஷிப் இருப்பதாகத் தோழி ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து அதே நினைப்புதான். ஆனால் நான் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தவள் இல்லை, வெளிநாட்டு எல்எல்எம் இல்லை, மூட் கோர்ட் (மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி) பரிசும் இல்லை. “அங்கே போய் ஃபைல் தூக்குவதற்கு இங்கேயே தூக்கலாமே” என்கிறார் சீனியர். அம்மாவுக்கு நான் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத வேண்டும் என்று ஆசை. கையில் மூன்று லட்சம் சேமிப்பு இருக்கிறது. எனக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டா? விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: விண்ணப்பிக்கலாம், தாராளமாக. கல்லூரிப் பெயரைப் பற்றி நீங்கள் படும் கவலையில் பாதி தேவையில்லாதது. ஆனால் சேமிப்பைப் பற்றிச் சொன்ன நீங்கள், அந்த ஒரு வருடத்துக்கான செலவை யார் ஏற்பார்கள் என்று கேட்கவே இல்லை. விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதற்கு வருகிறேன். முதலில், போனால் அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த வேலையைப் பற்றி நம் ஊரில் நிறைய கற்பனை இருக்கிறது.

பெயரில் நீதிமன்றம் என்று இருந்தாலும் அது நாம் நினைக்கும் நீதிமன்றம் இல்லை. 1899-இல் ஹேக்கில் கூடிய முதல் சமாதான மாநாட்டில் உருவான அமைப்பு. 1913-இல் திறந்த அமைதி அரண்மனையில் சர்வதேச நீதிமன்றத்தோடு ஒரே கட்டடத்தில் இருப்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சர்வதேச நீதிமன்றத்தில் 15 நீதிபதிகள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் தரப்புகள் சேர்ந்து மூன்று பேரையோ ஐந்து பேரையோ நடுவர்களாக அமர்த்துகிறார்கள். அந்த நடுவர் மன்றத்துக்குப் பதிவகமாக இருந்து வழக்கை ஓட்டிக்கொடுப்பதுதான் இந்த அமைப்பின் அன்றாட வேலை. ஃபெல்லோவாகப் போகிறவர் சேர்வது அந்தப் பதிவகத்தில்தான்.

ஆகவே அங்கே நீங்கள் வாதாடப் போவதில்லை. எந்தத் தரப்புக்கும் ஆலோசனை சொல்லப் போவதும் இல்லை. நம் கோர்ட் கணக்கில் சொன்னால் அலுவலகத்தை நடத்தும் சிரஸ்தார், நீதிபதி முன் ஃபைல் வைக்கும் பெஞ்ச் கிளார்க், பணமும் சம்மனும் பார்க்கும் நாசர் மூவரின் வேலையையும் சட்டம் படித்த ஒரே ஆள் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் சொன்ன ‘ஃபைல் தூக்குவது’ பாதி உண்மை. எப்படிப்பட்ட ஃபைல், அதை என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது மீதிப் பாதி.

ஒரு உதாரணம். ஆவணங்களைக் கேட்டுப் பெறும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம்மிடம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் ஆணைப்படி மனு போடுவோம், எதிர்த்தரப்பின் கவுன்டர் (பதில் மனு) வரும், வாய்தா போகும். சர்வதேச ஆர்பிட்ரேஷனில், அதாவது நடுவர் முறையில், அதற்கு ரெட்ஃபெர்ன் அட்டவணை என்று ஒன்று உண்டு. ஆலன் ரெட்ஃபெர்ன் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் கொண்டுவந்தது. ஒரே அட்டவணையில் கட்டம் கட்டமாகப் போகும்: எந்த ஆவணம் வேண்டும், வழக்குக்கு அது ஏன் தேவை, எதிர்த்தரப்பு ஏன் தர மறுக்கிறது, மறுப்புக்குக் கேட்டவரின் மறுமொழி, கடைசிக் கட்டம் நடுவர் மன்றத்துக்கு. பெரிய வழக்கில் இப்படிப் பல கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் பத்தி பத்தியாக எழுதித் தள்ளியிருப்பார்கள். அதை எல்லாம் படித்து, எந்தக் கோரிக்கையில் உண்மையான தகராறு இருக்கிறது, எதில் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒத்துப்போய்விட்டார்கள், எதில் சட்டத் தொழில் சார்ந்த ரகசியம் என்ற ஆட்சேபம் வருகிறது என்று பிரித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். முடிவு நடுவர்களுடையது. ஆனால் அந்த அட்டவணையை ஒருமுறை ஒழுங்காகப் பிரித்து வைத்தவருக்கு, எப்படிக் கேட்டால் ஆவணம் கிடைக்கும், எப்படிக் கேட்டால் கிடைக்காது என்பது வாழ்நாளுக்கும் மறக்காது. வாதாடும் பக்கத்தில் மட்டும் இருந்தவர்களுக்கு இது வர வெகுநாள் ஆகும்.

விசாரணை நாட்களிலும் அப்படித்தான். இரு தரப்புக்கும் மொத்த நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொடுத்துவிடுவார்கள். இந்தத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து பேசினாலும், எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தாலும், அந்த நிமிடங்கள் அவர் கணக்கில் கழியும். இதற்குச் செஸ் கிளாக் முறை என்று பெயர். நடுவர் ஒரு கேள்வி கேட்டால் அந்த நேரம் யார் கணக்கு? மொழிபெயர்ப்பாளர் மூலம் சாட்சி சொன்னால் கூடுதலாகப் போகும் நேரத்தை எப்படிக் கழிப்பது? தலைமை நடுவர் சொன்ன விதிப்படி இதையெல்லாம் எழுதிக்கொண்டு, மாலையில் இரு தரப்புக்கும் கணக்கை அனுப்புவது பதிவகத்து ஆள். கணக்கில் தகராறு வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. நம் கோர்ட்டில் “நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் மைலார்ட்” என்று சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும்.

அப்புறம் பணம். நடுவர்களின் கட்டணம், விசாரணை அறை, மொழிபெயர்ப்பு, சுருக்கெழுத்து என்று எல்லாச் செலவுக்கும் தரப்புகள் முன்கூட்டியே வைப்புத்தொகை கட்டுவார்கள். அது பதிவகத்தின் பொறுப்பில் இருக்கும். ஒரு தரப்பு கட்டாமல் இழுத்தடித்தால் கடிதம் எழுதுவது, மற்றவர் சேர்த்துக் கட்டுகிறாரா என்று கேட்பது, கணக்கு வைப்பது எல்லாம் அங்கேதான். கவர்ச்சியான வேலை இல்லைதான். ஆனால் ஒரு ஆர்பிட்ரேஷன் உண்மையில் எங்கே நின்றுபோகிறது என்பது இந்த மேசையில்தான் தெரியும்.

இனி உங்கள் தகுதி. நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்த வழக்குகளைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஆகப்பெரிய தகுதி அதுதான். 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஜி பிரிவுப்படி இழப்பீடு போதவில்லை என்றால் நடுவரிடம் போக வேண்டும். நம் மாநிலத்தில் பெரும்பாலும் கலெக்டரே நடுவர். அவர் போட்ட அவார்டை (நடுவர் தீர்ப்பை) எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் மனு போடுவீர்கள். நான்கு வருடத்தில் இப்படிச் சில மனுக்களாவது உங்கள் கைபட்டுப் போயிருக்கும்.

அந்த 1996 சட்டம் ஐக்கிய நாடுகளின் வர்த்தகச் சட்ட ஆணையம் 1985-இல் கொண்டுவந்த மாதிரிச் சட்டத்தை அடியொற்றி எழுதியது. பிரிவு எண்கள்கூடப் பெரும்பாலும் அப்படியே வரும். நம்முடைய 8ஆம் பிரிவு அங்கே 8ஆம் விதி. 16 அங்கேயும் 16. அவார்டை ரத்துசெய்யும் 34 அங்கேயும் 34. மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றும் எந்த நாட்டு வழக்கறிஞரிடமும் “நான் 34-இல் வேலை செய்திருக்கிறேன்” என்று சொன்னால் அவருக்குப் புரியும். ஐரோப்பாவில் எல்எல்எம் முடித்து வரும் பலர் 34-ஐப் பாடமாகத்தான் படித்திருப்பார்கள். நீங்கள் அதை வைத்து மனு எழுதியிருக்கிறீர்கள், கோர்ட் அலுவலகம் நம்பர் கொடுக்காமல் திருப்பி அனுப்பியதைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. அவார்டை நீதிமன்றம் ரத்துசெய்ய மட்டும்தான் முடியுமா, திருத்தவும் முடியுமா என்ற கேள்வி இந்தியாவில் சூடுபிடித்ததே தமிழ்நாட்டு வழக்குகளால்தான். நெடுஞ்சாலை நிலத்துக்குச் சதுர மீட்டர் ஐம்பது, எண்பது ரூபாய் என்று இருந்த இழப்பீட்டை மாவட்ட நீதிமன்றம் 645 ரூபாயாக உயர்த்தியது. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 34-இல் திருத்தும் அதிகாரம் கிடையாது என்று 2021 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆனாலும் அந்த நில உரிமையாளர்களுக்குக் கிடைத்த தொகையில் உச்ச நீதிமன்றம் கைவைக்கவில்லை. பிறகு சென்னையிலிருந்து போன வேறொரு வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று, ஐந்து நீதிபதிகள் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் குறிப்பிட்ட வரம்புக்குள் திருத்தலாம் என்றது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவே உங்கள் கட்சிக்காரர்களின் வழக்குகள் எப்படி ஆடிப்போயின என்பதை நேரில் பார்த்தவர் நீங்கள். மூட் கோர்ட் பரிசு வாங்கிய யாரிடமும் இந்த அனுபவம் இருக்காது.

ஆகவே விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இதைத்தான். எனக்கு வரும் வரைவுகளில் பத்தில் எட்டு, “சிறு வயது முதலே சர்வதேசச் சட்டத்தின் மீது எனக்குத் தீராத ஆர்வம்” என்றுதான் தொடங்குகின்றன. சிறு வயதில் யாருக்கும் அந்த ஆர்வம் இருந்திருக்காது, படிப்பவருக்கும் அது தெரியும். அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: “நடுவராக இருந்த மாவட்ட ஆட்சியர் காரணம் எதுவும் சொல்லாமல் இழப்பீட்டை உறுதிசெய்த அவார்டை எதிர்த்து 34ஆம் பிரிவு மனு தயாரித்தேன். காரணம் சொல்லாத அவார்டை ரத்துசெய்தால் கட்சிக்காரர் மறுபடி அதே நடுவரிடம்தான் போக வேண்டும். இந்தச் சிக்கலை மற்ற நாடுகளில் எப்படிக் கையாள்கிறார்கள் என்று தேடியபோதுதான்...” அதற்கு மேல் உங்கள் கதை, நீங்களே எழுதுங்கள். நான் சொன்ன வரியை அப்படியே போட்டுவிட வேண்டாம். உங்கள் வழக்கில் உண்மையில் என்ன நடந்ததோ அதுதான் வர வேண்டும். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வரலாம்.

எழுத்து மாதிரி கேட்டால் கல்லூரியில் எழுதிய கட்டுரையைத் தூசி தட்டாதீர்கள். நீங்கள் தயாரித்த எழுத்துபூர்வ வாதம் ஒன்றை எடுத்துச் சுருக்கி, ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தி அனுப்புங்கள். ‘மோஸ்ட் ஹம்ப்ளி சப்மிட்டட்’ எல்லாம் போகட்டும். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். கட்சிக்காரர் பெயர், சர்வே எண், ஊர் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள், மறைத்திருக்கிறேன் என்று மேலே ஒரு வரியும் போடுங்கள். ரகசியம் காப்பதே பாதித் தொழிலாக இருக்கும் இடத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள். கட்சிக்காரரின் ஆதார் எண்ணோடு மனு நகலை அனுப்பினால் படிப்பவர் அந்தப் பக்கத்திலேயே முடிவெடுத்துவிடுவார்.

மொழியைப் பொறுத்தவரை அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் வேலை மொழிகள். பிரெஞ்சு தெரிந்தால் கூடுதல் பலம். தெரியவில்லை என்றால் இப்போது அவசரமாக ஆறு மாத கோர்ஸ் சேர்ந்து ‘தொடக்க நிலை’ என்று போட்டுக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் எழுதுவதைக் கூர்தீட்டுங்கள்.

இப்போது பணம். இந்த ஃபெல்லோஷிப் பொதுவாக, சொந்த நாட்டு அரசோ பல்கலைக்கழகமோ வேறு ஏதாவது அமைப்போ செலவை ஏற்று அனுப்பிவைக்கும் இளம் வழக்கறிஞர்களுக்காக வகுத்த திட்டம். அதாவது, தேர்வானால் அவர்கள் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்கக் கூடாது. நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பில் நிதி பற்றிய பத்தியை மூன்று முறை படியுங்கள். சந்தேகம் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை.

ஹேக்கில் ஓர் அறை வாடகை மட்டுமே மாதம் 700 முதல் 1,000 யூரோ வரை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, பயணம், காப்பீடு, குளிர்காலத் துணிமணி எல்லாம் சேர்த்து எப்படிச் சிக்கனம் பிடித்தாலும் வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய்க்குக் குறையாது என்பது என் கணக்கு. உங்கள் மூன்று லட்சம் விமான டிக்கெட்டுக்கும் முதல் ஒன்றரை மாதத்துக்கும் சரியாக இருக்கும். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிப் போகலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். வேண்டாம். எல்எல்எம் படிக்கக் கல்விக் கடன் வாங்கினாலாவது முடிவில் ஒரு பட்டம் கையில் இருக்கும், அதை வைத்துச் சில நாடுகளில் வேலை தேடச் சட்டப்படி வழி இருக்கும். ஃபெல்லோஷிப்புக்கு அது கிடையாது. ஒரு வருடம் முடிந்ததும் திரும்பி வர வேண்டியதுதான், கடனோடு.

உதவித்தொகை தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். நம்மவர்களுக்குத் தெரிந்த, பிரிட்டிஷ் அரசின் செவெனிங், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை எல்லாம் பட்டப்படிப்புக்கு. வேலையும் பயிற்சியும் கலந்த ஃபெல்லோஷிப் அந்த விதிகளுக்குள் பொருந்தாது. ஆகவே தேட வேண்டிய இடம் வேறு. நீங்கள் படித்த கல்லூரியின் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராமலும் போகலாம், ஆனாலும் ஆவணமாக இருக்கட்டும். ஆர்பிட்ரேஷன் செய்யும் பெரிய சட்ட நிறுவனங்கள் சிலவற்றிடம், திரும்பி வந்து இரண்டு வருடம் அவர்களிடம் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு செலவில் ஒரு பகுதியை ஏற்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம், அவர்களுக்கும் அது லாபம்தான். பாதிச் செலவுக்காவது உறுதியான கடிதம் கையில் வந்த பிறகே மீதிக்குக் கடன் என்ற பேச்சை எடுங்கள்.

பக்கத்திலேயே இன்னொரு கதவும் இருக்கிறது. சர்வதேச நீதிமன்றமும் நீதித்துறை ஃபெல்லோஷிப் நடத்துகிறது. அதற்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, பல்கலைக்கழகம்தான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். பல்கலைக்கழகமே செலவையும் ஏற்க வேண்டும் என்று இருந்ததால் பணக்காரப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களே போய்க்கொண்டிருந்தார்கள். இதைச் சரிசெய்ய 2020 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டு, வளரும் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வேட்பாளர்களுக்காக ஒரு அறக்கட்டளை நிதியை உருவாக்கியது. ஆனால் நம் மாநிலச் சட்டக் கல்லூரிகளில் எத்தனை முதல்வர்களுக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம். நீங்கள் போய்ச் சொன்னால்தான் தெரியும் என்றால், போய்ச் சொல்லுங்கள்.

அடுத்தது பார் கவுன்சில். இதை யாரும் சொல்வதில்லை. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆம் விதி, தொழில் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்கிறது. அப்படி ஒரு வேலையில் சேர்ந்தால் பெயர் பதிவாகியிருக்கும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். உங்கள் ஃபெல்லோஷிப்பில் வரும் பணம் சம்பளமா, உதவித்தொகையா என்று வாதம் செய்யலாம். ஆனால் அந்த வாதத்தைப் பின்னாளில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்னால் செய்ய வேண்டிய நிலை எதற்கு? போவதற்கு முன் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதி, ஒப்புகை வாங்கி வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் பெயரில் இருக்கும் வக்காலத்துகளையும் கட்சிக்காரர்களிடம் சொல்லி முறையாக மாற்றிக்கொடுங்கள். நடக்கும் வழக்கில் வக்கீல் வெளிநாடு போனதே தெரியாமல் எக்ஸ்பார்ட்டி ஆன (ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்த) கட்சிக்காரர்களை மதுரையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அம்மாவின் ஆசைக்கும் இதற்கும் இங்கேதான் முடிச்சு. சிவில் ஜட்ஜ் பதவிக்கு மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மறுபடி கொண்டுவந்தது. உங்களுக்கு நான்கு வருடம் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் அறிவிப்பு வெளியாகும் தேதியில் தொழிலில் இருக்க வேண்டும் என்று தேர்வு விதி கேட்கக்கூடும். நீங்கள் ஹேக்கில் இருக்கும் வருடத்தில் அறிவிப்பு வந்தால் அந்த முறை உங்களுக்குத் தவறிப்போகலாம். 27 வயதில் ஒரு முறை தவறுவது பெரிய இழப்பில்லை என்பது என் எண்ணம். அதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

போய் வந்த பிறகு என்ன? மதுரையில் உட்கார்ந்து சர்வதேச ஆர்பிட்ரேஷன் செய்வது இன்றைக்கு நடக்காது. சென்னை, டெல்லி, மும்பை அல்லது சிங்கப்பூர் என்று வர வேண்டும். உள்நாட்டிலும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. அரசு கொள்முதல் ஒப்பந்தங்களில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட தகராறுகளுக்கு ஆர்பிட்ரேஷனை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஜூனில் குறிப்பு அனுப்பியது. சாலை, பாலம், துறைமுக ஒப்பந்த வழக்குகளை நம்பியிருந்த பலருக்கு அதில் வருத்தம். இன்னொரு பக்கம், சிங்கப்பூர் சர்வதேச நடுவர் மையத்துக்குப் போகும் வெளிநாட்டுத் தரப்புகளில் இந்தியர்கள் தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறார்கள். வேலை இருக்கிறது. ஆனால் அது சித்திரை வீதியில் கிடைக்காது.

நேர்காணல் வரை போனால், ஹேக் வழக்குகளில் நம் மண்ணோடு தொடர்புள்ள இரண்டையாவது நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள். ஒன்று என்ரிகா லெக்ஸி. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலோரம் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் செத்துப்போன இரண்டு மீனவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். வழக்கு ஹேக்குக்குப் போனது, அவார்டு 2020 மே மாதம் வந்தது: சுட்ட இத்தாலியக் கடற்படை வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு. 2021-இல் பத்துக் கோடி ரூபாய் உச்ச நீதிமன்றத்தில் கட்டப்பட்டு, குடும்பத்துக்கு நான்கு கோடி வீதமும் படகு உரிமையாளருக்கு இரண்டு கோடியும் என்று முடிந்தது. இன்னொன்று நிஸான். ஒரகடம் தொழிற்சாலைக்குத் தமிழ்நாடு அரசு தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகை வரவில்லை என்று, இந்தியா–ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்தின் கீழ் இந்திய அரசின் மீதே போட்ட வழக்கு. மாநில அரசு செய்ததற்கு மத்திய அரசு சர்வதேச அளவில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் வழக்கு நமக்குக் கிடைக்காது. பிறகு அது சமரசத்தில் முடிந்தது.

இரண்டிலும் தீர்ப்பைப் படிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நடைமுறை விதிகளும் செயல்முறை ஆணைகளும் வெளியாகியிருந்தால் அவற்றைப் படியுங்கள். நீங்கள் சேரப் போவது பதிவகத்தில். ஒரு தரப்பு மற்ற தரப்புக்கு நகல் போடாமல் நடுவர் ஒருவருக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், இறையாண்மை விலக்குரிமை பற்றிய வியாக்கியானம் உதவாது. அந்த மின்னஞ்சலை உடனே எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும், நீங்களாக அதற்குப் பதில் எழுதக் கூடாது, மன்றத்தின் தலைவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்ய வேண்டும். நம் கோர்ட் வராந்தா பழக்கம் கொஞ்சம் வேறு மாதிரி என்பதால் இதை முன்கூட்டியே மனதில் போட்டு வையுங்கள்.

கிடைக்கவில்லை என்றால்? முதல் முறையே கிடைப்பவர்கள் குறைவு. இந்த வருடமே கைக்காசில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பட்டய நடுவர்கள் நிறுவனத்தின் தொடக்கநிலைப் படிப்பை இந்தியாவிலிருந்தே படிக்கலாம், உறுப்பினர் தகுதிக்கும் அது வழி. சென்னையில் 2005 முதல் இயங்கும் நானி பல்கிவாலா நடுவர் மையத்தின் நிகழ்ச்சிகளுக்குப் போய் வாருங்கள், மதுரையிலிருந்து இரவு ரயில்தானே. சர்வதேச வணிக நடுவர் பேரவையின் இளையோர் பிரிவான யங் ஐசிசிஏ அமைப்பில் சேரக் கட்டணம் கிடையாது, அவர்கள் நடத்தும் வழிகாட்டித் திட்டத்துக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். இவற்றோடு, நீங்கள் பார்த்த 34ஆம் பிரிவு மனுக்களை வைத்து, கலெக்டர்களின் அவார்டுகள் எந்தக் காரணங்களால் ரத்தாகின்றன என்று ஒரு கட்டுரை எழுதி நல்ல சட்ட இதழுக்கு அனுப்புங்கள். அதிகம் பேர் தொடாத விஷயம். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது எழுத்து மாதிரிக்கு வேறு எதையும் தேட வேண்டியிருக்காது.